ஈ, தா, கொடு

வெளிநாட்டுக்குப் போகிறவன் வழியில் எதிர்ப்படப்போகும் குழந்தைகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறை விஷயம். ஒரு கிலோ மிட்டாய், இரண்டு டஜன் பேனா என்று முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். லாவோஸுக்குப் பதினைந்து நாள் பிரயாணம் கிளம்புவதற்கு முந்தைய வாரம் இந்தச் சில்லறை விஷயம் எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. "கொழந்தைங்க இருக்கிற எடத்துக்கு வெறுங்கையோடயாடா போவே?" என்று அக்கா கேட்டாள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது வீடு என்ற ஒன்றை முன்வைத்து உண்டான பழக்கம். நாம் நீட்டும் பிஸ்கட் பொட்டலத்தைக் குழந்தை உடனே வாங்கிக்கொள்வதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அவள், "மாமா குடுக்கறாரில்ல, வாங்கிக்கோ" என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் நமக்கு ஒரு உறவுப்பெயர் கிடைத்துவிடுகிறது. நாளைக்கு அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது அவர்கள் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். வழியில் பார்க்கிற குழந்தைக்கும் நமக்கும் நடுவில் இந்த அம்மா இல்லை. திரும்பி வரப்போகும் பொட்டலமும் இல்லை.

கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றுமே சமூகம் மனிதன்மேல் சுமத்தும் கடமைகள் என்று மார்ஸல் மாஸ் 1925ல் வெளிவந்த கொடை பற்றிய நீண்ட கட்டுரையில் எழுதினார். திருப்பித் தர வழியில்லாமல் வாங்கியவன் ஒரு படி இறங்கிவிடுகிறான் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. பாலினீஷியாவிலிருந்தும் வடமேற்கு அமெரிக்காவிலிருந்தும் குறிப்புகளைக் குவித்து அவர் வந்து சேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில், தொல்காப்பியர் இலக்கணத்தின் வழியாக வந்து நிற்கிறார். ஈ, தா, கொடு மூன்றும் கேட்பவன் வாயில் வரும் சொற்கள். கேட்பவன் தாழ்ந்தவனானால் ஈ என்பான். ஒப்பானவன் தா என்பான். உயர்ந்தவன் கொடு என்பான். சொல்லதிகாரத்தில் இருக்கிறது. இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. அழிந்தது சொல்லில்தான், மூன்று நிலைகளும் அப்படியே இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பதற்கு முன்னால், அதை அந்தக் குழந்தை எந்தச் சொல்லில் கேட்க வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தேன். மிட்டாய்: மலைக் கிராமத்தில் பல் வைத்தியர் கிடையாது, சுற்றிய காகிதம் வழியெல்லாம் கிடக்கும். பலூன்: ஐந்து நிமிஷ சந்தோஷம், பிறகு அழுகை. பேனா: கௌரவமான பொருள், படிப்போடு சம்பந்தமுள்ளது, அதனாலேயே சந்தேகப்பட வேண்டியது. நேபாளத்தின் மலையேற்றத் தடங்களில் பிரயாணிகள் வருஷக்கணக்காகப் பேனா கொடுத்துக் கொடுத்து, 'ஒன் பென்' என்பது அந்நியனைப் பார்த்ததும் குழந்தைகள் சொல்லும் முகமனாகவே ஆகிவிட்டது. வணக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோரிக்கை. ஈ என்ற சொல்லை அந்த வாயில் வைத்தவன் பிரயாணிதான்.

பந்து எல்லாவற்றிலும் மேலானதாகத் தோன்றியது. ஒருவனுக்குக் கொடுத்தால் இருபது பேருடையதாகிவிடும். ஆனால் போகிற இடம் லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து அந்த நாட்டின்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின என்று கணக்கு. அதில் ஒரு வகை டென்னிஸ் பந்தளவு இருக்கும். அங்கே அதற்குப் பெயர் 'பாம்பி'. உருண்டையாக எது கிடந்தாலும் தொடாதே, எறியாதே, பெரியவர்களிடம் போய்ச் சொல் என்று குழந்தைகளுக்குப் படம் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். பின்னால் லுவாங் பிரபாங்கில் வெடிக்காத குண்டுகளைப் பற்றிய காட்சிக்கூடத்தில் அதைப் பார்த்தேன். எடுத்து எறியத்தான் தோன்றும்; அந்த அளவு, அந்த வடிவம். லாவோஸ் குழந்தைகள் பந்தாடாமல் இல்லை. நன்றாகவே ஆடுகிறார்கள். இருந்தாலும் அந்நியனாகப் போகிற நான் உருண்டையான ஒன்றை நீட்ட எனக்குக் கை வரவில்லை. பிரயாணி தன்னை முதல் ஆளாக நினைத்துக்கொண்டு போகிறான். அவனுக்கு முன்பே அந்நியர்கள் வந்து குழந்தைகளுக்கு எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

லுவாங் பிரபாங் 1995ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். விடிகாலையில் பிக்குகள் வரிசையாகப் பிக்ஷைக்கு வருகிறார்கள். தக் பாத் என்று பெயர். ஊர்ப் பெண்கள் தெருவோரம் மண்டியிட்டு, மூங்கில் கூடையிலிருந்து பசையரிசிச் சோற்றைக் கிள்ளி ஒவ்வொரு பாத்திரத்திலும் போடுகிறார்கள். கொடுப்பவள் கீழே இருக்கிறாள், வாங்குகிறவர் நிற்கிறார். அவர் நன்றி சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி ஏழைக் குழந்தைகள் கூடையோ பிளாஸ்டிக் பையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இளம் பிக்குகள் தம் பாத்திரத்திலிருந்து எடுத்து அவற்றில் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். இந்தப் பிக்குகளில் பலர் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள். குழந்தை குழந்தைக்குப் போடுகிறது. ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சோறு யார் கையிலும் தங்குவதில்லை. இவன்தான் கொடுத்தான் என்று சுட்டமுடியாதபடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவே சில பிரயாணிகளும் உட்கார்ந்து மிட்டாய்ப் பொட்டலங்களைப் போடுகிறார்கள். கூட வந்தவர் எதிரில் நின்று போட்டோ எடுக்கிறார். மாஸ் சொன்ன திருப்பித் தருதல் இங்கே போட்டோவாக நடந்துவிடுகிறது. கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவையும் யோசித்தபின் ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதுதான் சரி என்று முடிக்கலாம். பிரயாணிகளுக்கான புஸ்தகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன. கையேந்தப் பழக்காதீர்கள், கொடுப்பதானால் பள்ளிக்கூடத்திடம் கொடுங்கள் என்று. சரியான அறிவுரை. ஆனால் அதைப் படித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நான் நம்பவில்லை. கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு உயர்வான காரணம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஒரு கிராமத்துக் குடும்பம் பல நாள் சாப்பிடக்கூடிய தொகையை ஒரு ராத்திரி அறைவாடகையாகக் கொடுத்துவிட்டு, ஒரு மிட்டாய் அந்தச் சமூகத்தின் சுயமரியாதையைக் குலைத்துவிடும் என்று பேசுவதில் ஒரு ஆபாசம் இருக்கிறது. குழந்தைக்குத் தன் சமூகத்தைப் பற்றிய கவலை இல்லை. அதற்கு மிட்டாய் வேண்டும். அந்த ஆசையைச் சமூகவியலால் துடைத்துவிட முடியாது.

லுவாங் பிரபாங்கில் 'பிக் பிரதர் மவுஸ்' என்று ஒரு பதிப்பகம். 2006ல் தொடங்கியது. லாவோ மொழியில் குழந்தைகளுக்கான புஸ்தகங்களை எழுதி, படம் போட்டு, அச்சிட்டு, கிராமம் கிராமமாகக் கொண்டுபோகிறார்கள். பாடப்புஸ்தகம் தவிர வேறு புஸ்தகத்தைக் கண்ணால் பார்த்திராத குழந்தைகள் அங்கே ஏராளம். மலைக்குப் போகும் பிரயாணிகளிடம் இவர்கள் சொல்வது எளிமையானது: மிட்டாய்க்குப் பதில் புஸ்தகம் வாங்கிப் போங்கள். முந்நூறு பிரதி போட்டு அதில் பாதியை இனாமாக அனுப்பிப் பழகிய நமக்கு, புஸ்தகம் சந்தோஷ சமாசாரமாக இருக்கும் ஒரு இடத்தைப் பார்ப்பதே ஆறுதல். பத்துப் பிரதிகள் வாங்கினேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. லாவோஸில் அரசு அங்கீகரித்த இனங்களே ஐம்பது. மலைகளில் இருக்கும் க்மு, மோங் குழந்தைகளுக்கு லாவோ வீட்டு மொழி அல்ல, பள்ளிக்கூட மொழி. நான் லாவோ புஸ்தகத்தை ஒரு மோங் பையன் கையில் வைத்தால், ஒரு அந்நியன் இன்னொரு பாஷையைக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

மணிமேகலை நினைவுக்கு வந்தது. அமுதசுரபி அவளுக்குக் கிடைத்தது கடல் கடந்த மணிபல்லவத்தில். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். இருந்தும் புகாருக்குத் திரும்பியதும் அவள் தானாக வழங்க ஆரம்பித்துவிடவில்லை. முதல் பிச்சை ஆதிரை கையால் விழ வேண்டியிருந்தது. ஆதிரையின் கற்பைப் போற்றும் இடம் இது என்று உரைகள் சொல்லும். வெளியூரிலிருந்து வரும் பாத்திரம் உள்ளூர்ப் பெண் ஒருத்தி முதலில் இட்டபிறகே ஊருக்குப் பொதுவாகும் என்றும் இதைப் படிக்கலாம். முன்னால் சொன்னேனே, நடுவில் இல்லாத அம்மா, அவள் இடத்தில் ஒருவர் வேண்டும். நாம் ஊ ஆற்றங்கரையில் நோங் கியாவுக்கு மேலே இருந்த மோங் கிராமத்தில் பள்ளி ஆசிரியரிடம் பத்துப் பிரதிகளையும் கொடுத்தேன். அவரும் மோங்தான். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து லாவோவில் ஒரு பக்கம் படித்தார், மோங்கில் எதையோ சொன்னார். குழந்தைகள் சிரித்தார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

புஸ்தகம் தவிர பெட்டியில் ஆறு பம்பரங்களும் இருந்தன. மோங் மக்கள் புதுவருஷத்தின்போது பம்பரம் ஆடுவார்கள் என்று படித்திருந்தேன். நான் போனது டிசம்பர், அவர்கள் புதுவருஷக் காலம். அவர்களுடைய பம்பரம் பெரியது. நான் பார்த்தவற்றில் ஆணி இல்லை, முழுக்க மரம். சாட்டையை ஒரு குச்சியில் கட்டி, தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் எதிராளியின் பம்பரத்தைக் குறிபார்த்து வீசுகிறார்கள். நான் என்னுடையதைச் சுற்றிக் கையில் ஏந்திக் காட்டினேன். ரொம்பச் சின்னது என்று சிரித்தார்கள். பிறகு நான் அவர்களுடைய பம்பரத்துக்குக் கை நீட்டினேன். பத்து வயதுப் பையன் ஒருவன் யோசித்துவிட்டுக் கொடுத்தான். மூன்று தடவை வீசினேன். மூன்றும் புதரில் விழுந்தன. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, இப்படி என்று காட்டினான். கேட்டவன் நான், தந்தவன் அவன். தா என்பதற்கு உரிய இடம் இதுவாகத்தான் இருக்கும். கடைசியில் என் பம்பரம் ஒன்றுக்கு அவனுடையது ஒன்று என்று மாற்றிக்கொண்டோம். அவன் தாத்தா ஆணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மீதி ஐந்தும் யாருடையவை என்று தீர்மானமாகாமலே கைமாறிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் பையன்களுக்குள் நடந்த காரியம். ஓரமாக நாலைந்து வயதுப் பெண்குழந்தை ஒன்று முதலிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. கூட்டம் சற்று விலகியதும் என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்து, 'கேண்டி' என்றது. அந்தச் சொல்லை எனக்கு முன்னால் வந்த யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மிட்டாய் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான காரணங்கள் எல்லாம் என்னிடம் தமிழில் இருந்தன. ஒரு பம்பரத்தைச் சுற்றி அந்த உள்ளங்கையில் விட்டேன். குழந்தை கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு, மூச்சுவிடாமல், அது சாயும்வரை அசையாமல் நின்றது. பம்பரம் கீழே விழுந்தது. குழந்தை மறுபடியும் கையை நீட்டியது. பம்பரத்துக்கா மிட்டாய்க்கா என்று கேட்க எனக்கு அந்த பாஷை தெரியாது.