இறக்கைக்குள் ஒரு கை

ஸ்ரீ கெம்பாங்கானில் மரச்சாமான் கடைகளையும் இரும்புப் பட்டறைகளையும் தாண்டினால், ஒரு கூடத்தில் விமான இறக்கை ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. முன்விளிம்பு கீழே இருக்க, சட்டத்தில் நிமிர்த்தி வைத்த அலுமினிய எலும்புக்கூடு. அமெரிக்காவின் ஓரிகனிலிருந்து வேன்ஸ் நிறுவனம் பாகம் பாகமாக அனுப்பும் ஆர்.வி. ரகம். அவர்களுடைய விமானங்கள் 11,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. பெரும்பாலானவை வீட்டுக் கொட்டகைகளில் கட்டியவை.

இதைக் கட்டும் அண்ணன் ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர். சுவிஸ் வடிவமைப்பான எம்.டி.3 என்ற இரண்டு இருக்கை உலோக விமானத்தை 1990-களில் எஸ்.எம்.இ. நிறுவனம் மலேசியாவிலேயே கட்டியது. அந்தக் காலத்தில் பழகிய கை இவருடையது.

தகட்டைப் பொருத்தி, துளைதோறும் ‘கிளீக்கோ’ என்ற ஸ்பிரிங் ஊசி செருகி, அளவுக்குத் துளைத்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுக்க வேண்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலை பதிய அதைக் குடைய முடியாது, அச்சில் அழுத்திக் குழியாக்குகிறார்கள். வேன்ஸ் லேசரில் வெட்டி அனுப்பிய பாகங்கள் சில இப்படி அழுத்தியதும் விரிசல் விட்டன. மாற்றுப் பாகம் தரும் சுமையும் சேர, 2023 டிசம்பரில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே காற்றுத் துப்பாக்கியுடன் அண்ணன். மறுபக்கம் அவருடைய அக்காள் மகன், தோள்வரை கையை நுழைத்து, கனமான எஃகுக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்கிறான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

“வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன் மாமா.”

டர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டி சாய்ந்தால் வால் கோணிவிடும். பிடிக்குமுன் சுட்டால் தகடு நசுங்கிவிடும். 2.4 மில்லிமீட்டர் தண்டின் வால் ஏறக்குறைய 3.6 அகலமும் 1.2 உயரமும் உள்ள வட்டமாகத் தட்டையாக வேண்டும். சத்தமெல்லாம் துப்பாக்கிக்கு. ஆனால் அந்த வட்டத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் கைதான் என்பேன்.

ஒரு ரிவெட் சற்றுச் சரிந்திருந்தது. அண்ணன் அதைத் துளைத்தெடுத்துவிட்டு வேறு அடித்தார். மூடிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“பறக்கறப்ப நாந்தானே உள்ள உக்காந்திருப்பேன்?”

1965-ல் சுபாங் விமான நிலையம் திறக்கும்வரை தலைநகரின் விமான நிலையமாக இருந்த சுங்கை பீசி இங்கிருந்து பக்கம். அந்த ஓடுபாதை 2018-ல் மூடப்பட்டது. யு.பி.எம். பல்கலைக்கழகமும் பக்கம்தான், அங்கே வானூர்திப் பொறியியல் துறை இருக்கிறது. அங்கு படிக்கும் நம் பிள்ளைகள் சனி ஞாயிறில் வந்து இந்த எஃகுக் கட்டியைப் பிடித்துப் பழக வேண்டும். அண்ணன் சொல்லித்தரத் தயார். மருமகன் அடுத்த மாதம் பினாங்குக்கு வேலைக்குப் போகிறான். இடது இறக்கை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.