பிடுங்குமுன் இரண்டு கட்டளைகள்

மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. தோண்டிய குழியை மீண்டும் அவ்வாறே படம்பிடிக்க இயலாது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினருக்கு அத்தகைய படங்கள் சாட்சியங்கள். ஆதலால் அவற்றைப் பென் டிரைவில் ஏற்றுகையில் நான் லினக்ஸின் கட்டளைகளையே நம்புகிறேன். நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும், தரவின் ஒரு பகுதி கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். ‘சிங்க்’ அதனை டிரைவில் எழுதி முடிக்கும். ‘யுமவுண்ட்’ டிரைவை முறையாக விடுவிக்கும். பின்னர் கழற்றி மீண்டும் செருகி, ‘எஸ்எச்ஏ256சம்’ கட்டளையை மூலத்துக்கும் நகலுக்கும் இடுவேன். கிடைக்கும் இரு எண்ணெழுத்துத் தொடர்களும் ஒன்றாயின் நகல் பழுதற்றது. கொழும்புப் பேருந்தில் டிரைவை அனுப்புமுன் இச்சில நிமிடங்கள் அவசியம், நண்பர்களே. சாட்சியம் பாதியாய்ப் போய்ச் சேரலாகாது.