ஓடு பிரிச்ச ஆவணி

ஒரகடத்துல இருந்து வல்லக்கோட்டை போற பக்கம் எங்க ஊர். சுத்தி எல்லாம் மாடி வீடு, இல்லன்னா கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு விடுற ஷீட் போட்ட லைன் வீடு. எங்க வீடு மட்டும் இன்னும் சீமை ஓடு. போன ஐப்பசி மழையில ஏழு இடத்துல பாத்திரம் வெச்சோம். சட்டத்தைத் தட்டினா மாவு மாதிரி கொட்டுச்சு. கரையான்.

மேஸ்திரி வந்து பார்த்துட்டு, "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுடுங்க, ரெண்டே நாள்"ன்னார். செலவும் பாதிதான். ஆனா அப்பாவுக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். பகல் பதினொரு மணிக்கு ஷீட்டுக்குக் கீழ தூங்கிப் பாருங்க, தெரியும். அதோட, எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நான் பிடிவாதமா ஓடுதான்னேன். ஆடி முடியட்டும்னு ஆயா சொன்னாங்க.

ஆவணியில பிரிச்சோம், ஒரு பக்கமா மட்டும். சாயங்கால மழைக்குத் தார்ப்பாய் தயாரா இருந்துச்சு. இறக்கின ஒவ்வொரு ஓட்டையும் ஆசாரி தாத்தா விரலால தட்டினார். கணீர்னா இந்தப் பக்கம், டொப்புன்னா அந்தப் பக்கம். முக்கால்வாசி கணீர். 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஆரம்பிச்ச தொழில் இது. நல்ல ஓடு மரத்தைவிட அதிக நாள் நிக்கும். குறைஞ்சதுக்கு, இடிச்ச வீட்டு ஓடு வாங்கினோம்.

ரீப்பர் இடைவெளி மட்டும் நான் சொன்னேன். சிவில் படிக்கிறேனே! நோட்ஸ்ல இருந்த 32 சென்டிமீட்டர். நாலு வரிசை ஆணி அடிச்ச பிறகு ஓட்டை வெச்சா, மேல் ஓடு கீழ் ஓட்டுமேல சரியா ஏறல. அந்த இடுக்கு போதும், தண்ணி உள்ள வர.

"தம்பி, உங்க புக்குல இருக்கிற ஓடு வேற, ஆயா வீட்டு ஓடு வேற"ன்னு தாத்தா சிரிச்சார். பத்து ஓட்டைத் தரையில கோத்து வெச்சு, இழுத்து ஒரு தடவை, நெருக்கி ஒரு தடவை அளந்தார். ரெண்டுக்கும் நடு அளவுதான் கணக்கு. என் அளவைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கம்மி. நாலு வரிசை ஆணியையும் நானே பிடுங்கினேன்.

அடுத்த பக்கமும் முடிஞ்சு, முகட்டு ஓட்டுக்குச் சாந்து பூசின மூணாம் நாள் மழை. ஆயா பழக்கத்துல அண்டாவைக் கொண்டுவந்து நடு வீட்ல வெச்சாங்க. சொட்டு விழல. அப்பா நல்லா தூங்கிட்டிருந்தார். சமையல்கட்டுச் சுவர் சேருற இடத்துல மட்டும் லேசா ஈரம். ஞாயித்துக்கிழமை மறுபடி ஏறணும்.