ஆறு தொட்டிகளும் ஒரு ஜன்னலும்

சென்ற கார்த்திகையில் நமது இல்லத்துக்கு ஆறு செடித் தொட்டிகள் விஜயம் செய்தன. நம் தாயாருக்கு வயது எழுபத்தாறு. நெடுநாளைய இழுப்பு நோய்க்காரர். பனிக் காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டே படுப்பார். "இவை அறையில் இருந்தால் ஜன்னலே வேண்டாம், அதிலும் இந்தக் கற்றாழை இரவெல்லாம் பிராணவாயுவைப் பொழியும்" என்று செடி விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித் தாயார் ஜன்னல் இடுக்கையும் துணியால் அடைத்துவிட்டார். பத்தே நாளில், காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்றார்.

பிரீஸ்ட்லியின் கதையை இருபது வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறவர்கள் நாம். மெழுகுவர்த்தி அணைந்துபோன குடுவைக்குள் 1771-ல் அவர் புதினாத் தளிரை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் வர்த்தி மறுபடி எரிந்தது. வெயில் படும்போதுதான் அவ்விதம் நடக்கிறது, இருளில் செடியும் காற்றைக் கெடுக்கிறது என்று 1779-ல் இங்கன்ஹௌஸ் காட்டினார். இவ்வளவு போதித்தும் சொந்த வீட்டில் வாய் திறக்காமல் இருந்தோமே!

ஆகவே அளந்து பார்ப்பதென்று தீர்மானித்தோம். பிராணவாயுவை அளப்பதில் பிரயோஜனமில்லை. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு அதுதான், செடி செய்யும் அற்ப மாறுதல் அதில் தெரியாது. கரியமிலவாயுவோ பத்து லட்சம் பங்கில் 420-க்குச் சற்று மேல்தான். அதை அளக்கும் சிறு கருவி இப்போது கடையில் கிடைக்கிறது. ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் மணிபிளாண்ட் தொட்டியையும் கருவியையும் வைத்து மூடினோம். எண் இறங்குவதற்குப் பதிலாக ஏறிற்று! தொட்டி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன என்பதை மறந்திருந்தோம். தொட்டியைப் பாலிதீன் தாளால் இறுகக் கட்டி ஜன்னலோரம் வைத்த பிறகு, ஒரு மணியில் 900 என்பது 600 ஆயிற்று. அதாவது செடி உட்கொண்டது பதினைந்து மில்லிலிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் மணிக்கு விடுவது சுமார் பதினைந்து லிட்டர். தாயார் ஒருவருக்கு ஆயிரம் தொட்டி வேண்டும், அதுவும் பகலில்! அறையின் நடுவே வெளிச்சம் இன்னும் சொற்பமாதலால் ஆயிரமும் போதாது.

கற்றாழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது இரவில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவைச் சேமிப்பது வாஸ்தவம். ஆனால் பிராணவாயுவைப் பகல் வெளிச்சத்தில்தான் விடுகிறது. வியாபாரி பாதி உண்மையை முழு விலைக்கு விற்றுவிட்டார்.

பிறகு கருவியைத் தாயாரின் அறையில் வைத்தோம். தொட்டிகளுடன் விடியற்காலை 1,640. மறுநாள் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினோம், 1,650. மூன்றாம் இரவு ஜன்னலை ஒரு சாண் திறந்து, பனி நேரே படாமல் கட்டிலை எதிர்ச் சுவரோரம் நகர்த்தினோம், 610.

எண்களைத் தாயாரிடம் வாசித்துக் காட்டினோம்.

"ஒரு ஜன்னலைத் திறக்க மூன்று ராத்திரியா உனக்கு?" என்றார். பிறகு, "தொட்டிகளைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வை, பச்சையாக எதையாவது பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்று கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.