உக்கியதும் உக்கும்

சித்தூரில் எங்கள் வீட்டுக்குள் தமிழ். வாசலைத் தாண்டினால் தெலுங்கு. இரண்டுக்கும் நடுவே சொல் தேடுவதுதான் என் பிழைப்பு. அப்படியும் ஒரு சொல் என் தலைக்கு மேலேயே தொங்கியதைக் கவனிக்கவில்லை.

ஒரு மழைக்கால இரவில் கூடத்தில் காரை உதிர்ந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தார். "உத்தரம் உக்கிப்போச்சுடா." மறுநாள் மேஸ்திரி வைத்த உளி, மாவுக்குள் இறங்குவதுபோல மரத்துக்குள் இறங்கியது. கரையான். அப்பாவின் கட்டில் அதற்கு நேர் கீழே.

"உக்கு பெடதாமம்மா" என்றார் மேஸ்திரி. உக்கிப்போனதற்கு உக்கா? அம்மா விழித்தார். தெலுங்கில் உக்கு என்றால் எஃகு. நம் உருக்கின் உறவு. 1966இல் "விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு" என்று மாநிலமே முழங்கிய சொல்.

அப்பா அசையவில்லை. "இரும்பு ரயிலடிக்கு. வீட்டுக்கு மரம்தான்."

திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரி ராஜமகாலை நினைவூட்டினேன். விஜயநகர அரசர்களின் மூன்று மாடி மாளிகை. கல், செங்கல், சுண்ணாம்பு, மரமே கிடையாது. "ராஜாவே மரத்தை நம்பவில்லையே!"

"ராஜாவின் சுவர் என்ன கனம்? நம் சுவர் என்ன கனம்?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. ஆனால் எஃகின் பெருமையே அங்குதான். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உத்தரத்தின் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். எஃகு இரண்டையும் தாங்குவதால் ஒல்லியான கர்டரே போதும். நடுவில் தூண் வேண்டாம். கான்கிரீட் என்றால் முட்டுக் கொடுத்து, ஊற்றி, வாரக்கணக்கில் நீர் பாய்ச்ச வேண்டும். கர்டரை இரண்டே நாளில் ஏற்றிவிடலாம். கரையான் தொடாது. குறை இல்லாமல் இல்லை: துருப்பிடிக்கும், பெருந்தீயில் 600 டிகிரியை நெருங்கும்போது பாதி பலம் போய்விடும்.

இத்தனை விளக்கத்துக்கும் மசியாத அப்பாவை மேஸ்திரியின் ஒரு வார்த்தை மசிய வைத்தது: "கரையான் தின்ன மரம் சொல்லாம விழும். இரும்பு முதல்ல வளைஞ்சு காட்டும், பெரியவரே."

திருப்பதியிலிருந்து இரண்டு கர்டர்கள் லாரியில் வந்தன. ரெட் ஆக்சைடு பூசி ஏற்றினோம்.

இப்போதும் படுக்கப் போகுமுன் அப்பா அண்ணாந்து பார்க்கிறார். "இன்னும் ஒண்ணும் சொல்லலை" என்று விளக்கை அணைக்கிறார்.