ஒரே பாவு



எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, தம்பிக்கு வெண்புள்ளி, அக்கா மகளுக்கு முடக்குவாதம். 'குலதெய்வக் குத்தம்' என்றது பிள்ளையார்பாளையம். மூன்றிலும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது. ஆறாவது குரோமோசோமின் எச்.எல்.ஏ. பகுதிக்கு மூன்றிலும் பங்குண்டு. பாவு ஒன்று, ஊடை மாறினால் சேலை வேறு. (நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்!)

முதல் வகைச் சர்க்கரைக்கும் முடக்குவாதத்துக்கும் பொதுவாக 2004-இல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்ட பி.டி.பி.என்.22 மாற்றம் நம்மவரிடம் மிக அரிது. ஒற்றைக்கரு இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

வெண்புள்ளி தொற்றாது. பெண் பார்க்க வந்து, தம்பியைக் கண்டதும் காபியைத் தொடாமல் எழுந்தவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

சொந்தங்களே, தீராத களைப்போ காலையில் மூட்டு விறைப்போ இருந்தால், டாக்டரிடம் இந்த மூவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.