கட்டுமரத்தை எங்கே வெட்டுவது?

அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறாள். லீவுக்கு ஆட்டையாம்பட்டி வந்தவள், முறுக்கைக் கடித்துக்கொண்டே ஹோம்வொர்க் நோட்டை நீட்டினாள். பத்து இங்கிலீஷ் வார்த்தை. ஒவ்வொன்றையும் அசை அசையாகப் பிரித்து நடுவில் சின்னக் கோடு போட்டு, எதிரே அர்த்தம் எழுதணுமாம். ஏழாவது வார்த்தை, கேட்டமரான்.

"மாமா, இதை எங்க வெட்டறது?"

எங்க ஊருக்குக் கடல் கிடையாது, கடலைக்காய்தான் உண்டு. இருந்தாலும் தமிழனாச்சே! "கட்டு, மரம்னு ரெண்டா வெட்டு கண்ணு" என்றேன். அவள் டிக்ஷனரியைத் திருப்பிக் காட்டினாள். கேட்-அ-ம-ரான். நாலு துண்டு. அர்த்தம்: இரட்டை உடல் கொண்ட படகு.

கட்டுமரத்துக்கு ஏது ரெண்டு உடல்? மரத்துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம். இதைப் பார்த்துவிட்டு 1697ல் புத்தகத்தில் எழுதியவர் வில்லியம் டாம்பியர், கடற்கொள்ளையராக இருந்து எழுத்தாளர் ஆன ஆசாமி. ரெட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களுடைய சமாச்சாரம். 1876ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் அந்த மாதிரி ஒன்றைக் கட்டி ரேஸில் ஜெயித்தார். பெயர் நம்மது, படகு அவங்களது.

கூத்து இன்னும் முடியலை. பிற்பாடு மூணு உடல் வைத்துப் படகு கட்டினப்போ அதுக்கு ட்ரைமரான் என்று பேர் வெச்சாங்க. 'மரான்' என்றால் ஏதோ படகு என்று நினைத்து வெட்டி ஒட்டியது. தமிழில் படித்தால் மூணு மரம் :-) ஹாம்பர்க் ஊர்ப் பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரைத் தப்பான இடத்தில் வெட்டித்தான் சீஸ்பர்கர் பிறந்தது. ஹெலிகாப்டர்கூட ஹெலிகோ-ப்டர்தான் (சுருள், இறக்கை, ரெண்டும் கிரேக்கம்). காப்டர் என்று தனியாக ஒண்ணு கிடையவே கிடையாது.

நம்ம பொழைப்பு கம்ப்யூட்டர் என்பதால் ஒரு கொசுறு. வரி முடியும் இடத்தில் வார்த்தையை எங்கே உடைக்கலாம் என்பதை 1983ல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் ஆராய்ச்சியே பண்ணிவிட்டார். எழுத்துக்களுக்கு நடுவே எண்கள். ஒற்றைப்படை வந்தால் வெட்டலாம், இரட்டைப்படை வந்தால் கூடாது. டெக் மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது. அழகான வேலை. ஆனால் அதுக்கு எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும். அர்த்தம் எங்கே அறுபடுது என்பது அதன் கவலை இல்லை.

படகோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அதே டிக்ஷனரியில் 'ப'வுக்குப் போனால் ப-ரை-அ என்று மூணு துண்டாக ஒரு வார்த்தை இருக்கு. அர்த்தம், 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்'. பறையர் என்பதிலிருந்து வந்தது, பறை என்ற முரசிலிருந்து வந்த பெயர் என்று அதே டிக்ஷனரிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் அர்த்தத்தில் முரசு இல்லை. முரசு அடித்தவனை மத்தவன் எப்படி நடத்தினான் என்பது மட்டும்தான் அர்த்தமாக நின்றிருக்கு. ஒதுக்கியவனுடைய பார்வை, ஒதுக்கப்பட்டவனுடைய பெயருக்கு விளக்கம்!

தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அந்தப் பெயரை வெச்சிருக்காங்க. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவை உலகப் பத்திரிகைகள் 'பரையா ஸ்டேட்' என்று திட்டின. தள்ளிவைத்த அரசாங்கத்தைத் திட்ட, தள்ளிவைக்கப்பட்ட ஜனங்களின் பெயர். எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஜனத்தின் பெயர் என்று உறைத்திருக்கும்?

கட்டுமரம் போனால் ஒரு படகுதான் போச்சு. இது அப்படி இல்லை.

இங்கிலீஷில் அது வசையாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1893ல் சென்னையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆரம்பித்தார். பின்னாளில், 1930ல், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தவர். பத்திரிகைக்கு வேற நாகரிகமான பெயரெல்லாம் தேடலை. 'பறையன்' என்றே பெரிய எழுத்தில் அச்சடித்தார். ஏழு வருஷம் வந்தது.